மேற்குச் சுவர்

மூணு வருஷமா அந்தப் புங்க மரத்தோட மாரடிச்சே என் உயிர் போவுது.

மரம் பக்கத்து வீட்டு ஞானம்மாவோடது. அதுக்குக் கீழ வண்டி போட்டு இஸ்திரி தேய்க்கிறாங்க. நெழலு அவங்களுக்கு, குப்பை எனக்கு. இலை விழுந்து மழைத்தண்ணிக் குழாய் அடைச்சுக்கும். தினம் மாடியேறிப் பெருக்குறது யாரு? நான்தான்.

நான் வீடு கட்டித் தர்ற காண்ட்ராக்டர். என் சொந்த வீட்டுக்குப் பசுமை வீடு சான்றிதழ் கேட்டு எழுதிப் போட்டிருந்தேன். அது கெடைச்சா அரக்கோணம் ரோட்டுல இருபது வீட்டு வேலை எனக்கு. இல்லன்னா எவனோ மெட்ராஸ்காரன் தட்டிகினு போயிடுவான்.

இன்னிக்கு மத்தியானம் கடைசி ஆய்வு. அதான் நேத்து ஞானம்மாகிட்ட கத்தித் தீர்த்துட்டேன்.

"யக்கா, நாளைக்கு ஆய்வுல உன் மரத்துக் குப்பையால மார்க்கு போச்சுன்னா என் பொழப்பே போச்சு."

அவங்க பாட்டுக்கு இஸ்திரிப் பொட்டியில கரி போட்டுகினு நின்னாங்க. சுவத்துகிட்ட பேசியிருக்கலாம்.

ஆய்வுக்கு வந்த டெபோரா மேடம் லேசுப்பட்டவங்க இல்ல. மழைத்தண்ணித் தொட்டி சின்னதாம். ஜன்னல் சரியில்லையாம். சோலாருக்கும் அரை மார்க்குதான். எனக்குக் கடுப்பு ஏறிகினே போச்சு. இதுல வெளியில எவனோ டைல்ஸ் அறுக்குற சத்தம் வேற, காதைக் கிழிக்குது.

கடைசியா பெட்ரூம். மேற்குச் சுவத்துல ஒரு கருவியை வெச்சு அளந்தாங்க. முதல் தடவையா சிரிச்சாங்க.

"கத்திரி வெயில்ல வந்து அளந்தப்பவும் இந்தச் சுவரு சூடாகல. ஏசி இல்லாமலே ரூம் ஜில்லுன்னு இருக்கு. இந்த ஒண்ணுதாங்க உங்களைப் பாஸ் பண்ண வைக்குது."

சாதா செங்கல்தானே மேடம்னு இழுத்தேன்.

"செங்கல்ல என்ன இருக்கு? பக்கத்துப் புங்க மரம் பூரா வெயிலையும் வாங்கிக்குது. வாங்க, அதை ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

வெளியில வந்தோம். சுவரு மேல வெயில் சுள்ளுன்னு அடிச்சுகினு இருந்துச்சு. மரம் துண்டு துண்டா தரையில கெடந்தது. மரம் அறுக்குற ஆளு மெஷினை அப்பத்தான் நிறுத்தினான்.

ஞானம்மா இஸ்திரி வண்டியைத் தள்ளிகினு கெளம்பிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்து நின்னாங்க.

"மார்க்கு போட்டுட்டாங்களா நைனா? உன் பொழப்பு கெடக் கூடாதுன்னுதான் எடுத்துட்டேன். நான் வேற எங்கனா நெழலு பாத்துக்கிறேன்."