ஒரே நம்பர்

"யாரைக் கேட்டு இதுல கை வெச்ச?"

டீம் லீடர் போட்ட சத்தத்தில் ஆபீசே திரும்பிப் பார்த்தது. முதலாளியும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். திட்டு வாங்கிய பெண்ணுக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று அன்றைக்குத்தான் முடிவு.

ஒரு கிளினிக்குக்கு அவர்கள் செய்து கொடுத்த சாஃப்ட்வேரில், நோயாளியின் போன் நம்பரையே பிரைமரி கீயாக வைத்திருந்தார் லீடர். ஆளை அடையாளம் காண அது ஒன்றே போதும் என்பது அவர் கட்சி. அவளோ முந்தின நாள் இரவு அதைத் தூக்கிவிட்டு, ஆளுக்கொரு தனி எண் கொடுத்திருந்தாள்.

"எல்லார்கிட்டயும் போன் இருக்கு. அப்புறம் எதுக்கு இன்னொரு நம்பர்? நல்லா ஓடிட்டிருந்ததைக் கெடுத்து வெச்சிருக்க."

அவள் முதலாளியை ஒரு தரம் பார்த்தாள். "கேட்காம செஞ்சது தப்புதான் சார்."

காலையிலிருந்தே லீடருக்கு மனசு சரியில்லை. முந்தின நாள் மாலை அதே கிளினிக்குக்குப் போன அம்மா, டாக்டரைப் பார்க்காமலே திரும்பியிருந்தாள். கம்ப்யூட்டரில் பெயரே இல்லையாம். "நீ ஏதாவது தப்பாச் சொல்லியிருப்ப" என்று அம்மாவையும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

முதலாளி உள்ளே போனதும் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மாவுக்கு உங்க நம்பர்லதானே பதிஞ்சீங்க சார்?"

"ஆமா. அவங்க மெசேஜ் எல்லாம் பார்க்க மாட்டாங்க."

"நேத்துக் காலையில முதுகுவலிக்கு நீங்களும் அதே நம்பர்ல பதிஞ்சிருக்கீங்க. ரெண்டும் ஒரே ஆள்னு நெனச்சு, அம்மா விவரத்து மேலயே உங்க விவரத்தை எழுதிடுச்சு. அம்மா அழிஞ்சு போயிட்டாங்க. எது எப்போ மாறுச்சுன்னு குறிச்சு வைக்கிற லாக்ல பார்த்தேன்."



"இதை முதலாளி முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்களைத்தானே சார் கேட்பாரு?"

லீடர் நேரே முதலாளி அறைக்குப் போனார். தப்பு தன்னுடையது, அந்தப் பெண்ணை அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டுக்கு போன் போட்டார்.

"அம்மா, நீ ஒண்ணும் தப்பாச் சொல்லலை. தப்பு என் வேலையிலதான்."

"மெதுவாப் பேசுடா, யார் காதுலயாவது விழப்போகுது. அங்க இருக்கறது நீ செஞ்சதாச்சேன்னு, பேரு குடுக்க நான்தான் மறந்துட்டேன்னு கிளினிக்ல சொல்லிட்டு வந்திருக்கேன்."