அம்மா பிஸி

கதவைச் சாத்தி ஹெட்செட்டை மாட்டிவிட்டால், திருப்பதித் தெருவில் கருட சேவையே போனாலும் மோகனப்ரியாவின் காதில் விழாது. வீட்டிலிருந்தபடியே இளம் தாய்மார்களுக்குத் தாய்ப்பால் ஆலோசனை சொல்வது அவள் வேலை.

பலமனேர்ப் பெண் ஒருத்திக்குக் குழந்தையை அணைத்துப் பிடிக்கும் விதத்தை வீடியோவில் காட்டி முடித்தாள். அடுத்து, 'புது அப்பா' என்ற பெயரில் ஒருவர் சாட்டில் வந்தார்.

"மேடம், பாப்பா அழுதுக்கினே கீது. என்னா பண்றது?"

"பசிதான் சார். உடனே அம்மாகிட்ட குடுங்க."

"அவங்க ரூம்ல வேலையா கீறாங்க. நடுவுல கூப்ட்டா திட்டுவாங்க."

மோகனப்ரியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பெத்த புள்ளையைவிட அப்படி என்ன பெரிய வேலை? போய்க் கதவைத் தட்டுங்க!"

"நெஜமா தட்டலாங்களா?"

"உடைச்சாலும் தப்பில்ல. நான் சொன்னேன்னு சொல்லுங்க!"

மறுகணம் அவளுடைய அறைக் கதவு தடதடவென்று குலுங்கியது. ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, எரிச்சலோடு போய்த் திறந்தாள்.

ஒரு கையில் வீறிட்டு அழும் குழந்தையும் மறு கையில் போனுமாக, அவள் கணவன் ரகு நின்றிருந்தான்.

"என்னைத் திட்டாத. மேடம்தான் தட்டச் சொன்னாங்க."