குடைக்குள் ஆரஞ்சு

மதியம் மூன்று மணி. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு மருந்து ஆலையின் ஆய்வகம். மேற்கு ஜன்னல் வெயில் ஒளி அளக்கும் கருவியின் மூடி இடுக்கில் நுழைந்துவிடும் என்பதால், உதவியாளர் சுடலைமுத்து தன் கறுப்புக் குடையை விரித்து அதற்கு மேல் பிடித்தபடி நிற்கிறார். "கேன்டீன்ல என்னைய குடைக்காரன்னுதான் கூப்பிடுதானுவ, அதியாம்மா." ஆய்வாளர் அதியா கருவியின் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "கூப்பிடட்டும்ண்ணா. ஆடாம பிடிங்க." கருவிக்குள் இருக்கும் கண்ணாடிக் குப்பியில் அவள் செய்த, கண்ணுக்குத் தெரியாத இழைகள் மிதக்கின்றன, ஒவ்வொன்றின் ஒரு முனையில் பச்சையாய் ஒளிரும் மூலக்கூறு, மறுமுனையில் ஆரஞ்சு. நீலக் கதிர் பச்சையை மட்டும்தான் எழுப்பும். ஆரஞ்சு பக்கத்தில் இருந்தால், பச்சை தான் ஒளிராமல் அந்த ஆற்றலை அதற்குக் கைமாற்றிவிடும். உப்புக் கரைசல் பட்டதும் இழை மடங்கி முனைகள் நெருங்க வேண்டும். இன்று நெருங்காவிட்டால் மூன்று மாத வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார் மேலாளர். ஒரு சொட்டு விட்டு, கருவியை மூடுகிறாள். திரையில் பச்சை ஒளியைக் காட்டும் கோடு அசையாமல் கிடக்கிறது. "தூரம் பாதியானா போதுமாம்மா?" "போதும்ண்ணா. பாதியானா, கைமாத்துற வேகம் அறுபத்துநாலு மடங்கு." ஒரு நிமிடம் ஆகிறது. பச்சைக் கோடு மெல்ல இறங்குகிறது. கீழே கிடந்த ஆரஞ்சுக் கோடு எழுந்து வருகிறது. "என்னம்மா, சத்தத்தையே காணோம்?" அதியா குப்பியை எடுத்துக்கொண்டு குடைக்குள் நுழைந்து, நீல டார்ச்சை அடிக்கிறாள். சற்றுமுன் பச்சையாய் இருந்த நீர் ஆரஞ்சாய் ஒளிர்கிறது. அவர் நரைத்த மீசையிலும் அந்த நிறம். வலிக்கும் கையை அவர் இறக்கவில்லை. "இனி குடைக்காரன்னே கூப்பிடட்டும்மா" என்கிறார்.