திரும்ப எடுத்த ஓட்டு

எங்கள் ஊராட்சி அலுவலக வாசலில் பச்சை விளக்கு எரியும்வரை தலைவர் தலைவராக இருப்பார். போட்ட ஓட்டை எந்த நேரமும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தபின் வைத்த விளக்கு அது. பாதிக்கு மேல் ஓட்டு இல்லாவிட்டால் சிவப்பாகிவிடும். ஒரு வாரத்துக்குள் பச்சை திரும்பாவிட்டால் பதவி போய்விடும். ஓட்டை எடுத்தது யார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

தலைவர் என் வீட்டுக்காரர். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர். திங்கட்கிழமை மதியம் விளக்கு சிவப்பாகிவிட்டது.

"எவனோ குழி பறிச்சுட்டான் மங்கை!" என்று வீட்டுக்கு வந்து குதித்தார். பொழுது சாயும்வரை தெருத்தெருவாகப் போய்க் கும்பிட்டார். எல்லோரும் தாங்கள் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

திரும்பி வந்தவருக்குச் சோறு போட்டுவிட்டுச் சொன்னேன்: "நான்தாங்க எடுத்தேன்."

பிசைந்த கை அப்படியே நின்றது. "எதுக்குடி?"

"காலையில காலனிக்காரங்க பொணத்தை இடுப்பளவு சேத்துல தூக்கிட்டுப் போனாங்க. பார்த்துட்டுத்தான் வந்தேன். சுடுகாட்டுப் பாதையை உங்க அண்ணன்தானே வேலி போட்டு அடைச்சு வச்சிருக்காரு?"

"அண்ணன்கிட்ட போய் நான் எப்படி..."

"ஊரையே கும்பிட்டீங்க. அவரையும் ஒரு கும்பிடு கும்பிட்டுட்டு வேலியைப் பிரிங்க."

அவர் எழுந்து கை கழுவிவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"பிரிச்சுட்டா ஓட்டு வந்துருமா?"

"சுடுகாடு வரைக்கும் நானே நடந்து பார்ப்பேன். கால்ல சேறு ஒட்டலைன்னா வந்துரும்."