நாலு மணி பஸ்

"இடம் பத்தலைன்னு எழுதினீங்க, சரிதான். படியில கூட உட்காந்து படிக்கிறாங்களே. புது மண்டபம் கட்டலாம்," என்றார் பிரதேச சபையிலிருந்து வந்த பஸீர்.

நூலகர் விஜிதாவின் கண் கடிகாரத்திலேயே இருந்தது. "நாலாகப் போகுது சேர். வெளிய போய் பிளேன்டி குடிப்போமா?"

"இருங்க மிஸ், அளந்துட்டு வாறேன்."

வாசலில் வில்கமுவ போகிற நாலு மணி பஸ் ஹார்ன் அடித்தது. விஜிதா ஓடிப்போய் வாசல் பக்க ஜன்னலைச் சாத்தினாள். இத்தனை பேரும் வாசகர்கள் இல்லை. பஸ் நிற்கிற இடத்தில் நிழல் இல்லாததால் உள்ளே ஒதுங்கியவர்கள்; பஸ் வந்ததும் எழுந்து போய்விடுவார்கள்.

மறுபடி ஹார்ன். ஒருவரும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கண்டக்டர் வந்தார். "ஆளுங்கள அனுப்புங்க மிஸ்," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து டிரைவர் இங்க எடுத்துட்டுப் போன கதைப் புத்தகத்துக்கு ரெண்டாம் பாகம் இருக்கா?"

பஸீர் அளவு நாடாவிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "அப்போ டிரைவருக்கும் ஒரு கதிரை போடணும்."