பின்லாந்துப் புருஷன்

"இந்தச் சுப்பையனைச் செருப்பாலயே அடிக்கணும்!"

காஜா பெராங் ஊர் மொத்தமும் அன்று இதைத்தான் சொன்னது. சொல்லாமல் என்ன செய்யும்?

யுத்தத்தின்போது சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன ஜெயபாலன் திரும்பவேயில்லை. கூடப் போன சுப்பையன் மட்டும் வந்து சேர்ந்தான். "உன் புருஷன் கப்பலேறிட்டாரும்மா. பின்லாந்துல இருக்காரு" என்று ஜெயபாலன் மனைவி கமலவேணியிடம் சொன்னான்.

அதை நம்பித்தான் இத்தனை வருஷமாகப் பொட்டும் பூவுமாக ஒட்டுக்கடையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள் அவள். "அங்க என்ன பாஷைண்ணே பேசுவாரு?" என்று கேட்டு, சுப்பையனிடம் ஒரு வாக்கியம்கூடக் கற்று வைத்திருந்தாள்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு மாசம், கடைப் பக்கம் வெள்ளைக்கார மாலுமி ஒருவன் வந்தான். பின்லாந்துக் கப்பலாம்.

கமலவேணி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"தமின் சா பீ பீலா?"

மாலுமி திருதிருவென்று விழித்தான். தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டினான்.

தோசைக்குக் காத்திருந்த துணிக்கடை நாகூர் மீரான்தான் போட்டு உடைத்தார். ஒரு காலத்தில் ரங்கூனில் கடை வைத்திருந்தவர்.

"என்ன புள்ள, அவன்கிட்டப் போய் பர்மா பாஷையில பசியாறியாச்சான்னு கேக்குறே? பின்லாந்து பாஷை பேசுறது அந்த வடகோடியில, பனிக்கட்டி தேசத்துல. பர்மா பாஷை இதோ, சயாமைத் தாண்டினா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"பர்மாவா!"

ஜெயபாலனின் அக்கா சந்திரமதி மாரில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, பர்மாவுக்கு ரயில் போட்ட இடத்துலயே என் தம்பி போயிட்டானா! பாவி, செத்ததை மறைச்சா கதை விட்டே?"

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த சுப்பையனின் சட்டையை நாலு பேர் பிடித்தார்கள்.

சந்திரமதி கமலவேணி பக்கம் திரும்பினாள். "இனிமே உனக்கு எதுக்குடி பொட்டு?" கை நெற்றிக்கு நீண்டது.

"தொடாதீங்க!" சுப்பையன் கத்தினான். "உயிரோடதான் இருக்கான்!"

"எங்கடா?"

"பர்மாவுல. அங்கயே ஒருத்தியைக் கட்டிக்கிட்டான். புள்ளையும் பொறந்தாச்சு. வர மாட்டேன்னுட்டான்."

சட்டையைப் பிடித்த கைகள் தாமாகவே விலகின.

"செத்துட்டான்னு சொல்லியிருந்தா இந்தக் கை அன்னிக்கே நீண்டிருக்கும்க்கா. பர்மான்னு சொல்லியிருந்தா தங்கச்சி ரயிலேறித் தேடிப் போய், அந்தக் கோலத்தைக் கண்ணால பார்த்திருக்கும். யாரும் போக முடியாத ஊரா ஒண்ணு வேணும். பின்லாந்துன்னு பேரு மட்டும் எங்கயோ கேட்டிருந்தேன். பாஷை கேட்டப்ப, ரயில் போட்ட இடத்துல நான் கத்துக்கிட்ட அசலூர்ப் பேச்சு அது ஒண்ணுதான்."

சந்திரமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

கமலவேணி அழவில்லை. கல்லில் இருந்த தோசையை எடுத்துச் சுப்பையன் தட்டில் வைத்தாள். பிறகு முந்தானையால் தன் நெற்றியைத் தானே அழுத்தித் துடைத்தாள்.

"பசியாறுங்கண்ணே. பின்லாந்துல இருந்த என் புருஷன் ரொம்ப நல்லவரு. இன்னிக்குத்தான் போயிட்டாரு."