ஹார்லனின் நிதானம்

“துப்பாக்கிய நீட்டியும் சுடலையே! அந்த நிதானம் யாருக்கு வரும், பிரதர்?”

ஆராதனை முடிந்த விருந்தில் பாஸ்டர் எல்லோர் முன்னாலும் ஹார்லனின் தோளைத் தட்டினார். டெக்சாஸின் அந்தச் சின்னச் சர்ச்சுக்கு ஞாயிறுதோறும் வாசல் காவல் ஹார்லன்தான்.

காலையில் கொட்டும் மழை. முகம் மறையத் தொப்பியை இழுத்துவிட்டபடி ஓடிவந்த சபை வாலிபன் லானி, வாசலில் நுழைந்ததும் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டான். ஹார்லன் பிஸ்டலை உருவி அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டிவிட்டார். லானி வெளியே எடுத்தது, நனையாமல் பொத்திவைத்திருந்த பைபிளை.

லானியின் அம்மா வில்மா, சூடு ஆறாத பீச் பழக் கேக்கை ஹார்லன் கையில் திணித்தாள். “எம்புள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்தீங்க” என்று அழுதாள். ஹார்லன் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

காரில் ஏறியதும் மனைவி நோரீன் சீண்டினாள். “சேஃப்டி லாக் இல்லாத பிஸ்டல்தான் வேணும்னு கடையில என்னா சண்டை போட்ட! ‘அவசரத்துல சேஃப்டிய நீக்க எவனுக்கு ஞாபகம் வரும்? குண்டு வெளிய வராம வீணா செத்துப்போவேன்’னு கத்துனியே. நான்தான் பிடிவாதமா சேஃப்டி வச்சதை வாங்கிக் குடுத்தேன். இப்பப் பாரு, அதுக்கு வேலையே இல்லாமப் போச்சு!”

ஹார்லன் பிஸ்டலை உறையோடு கழற்றி அவள் மடியில் வைத்தார்.

“நான் சொன்னது சரிதான், நோரீன். சேஃப்டிய நீக்க எனக்கு ஞாபகமே வரலை.”

கார் சாவியையும் அவளிடமே நீட்டினார்.

“ட்ரிகரை ரெண்டு தடவை அழுத்தினேன்.”